நோட்டின் நான்காவது கட்டம்

மார்ச் 4

அன்புத் தங்கை வாலுவுக்கு,

நீயும் குழந்தையும் சுகம்தானே? என் வயிறு மட்டும் பழையபடிதான். எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. ஒரு குறையும் இல்லையாம். "குடலுக்கும் மூளைக்கும் நேர் லைன் இருக்குங்க. மனசுல எதையாவது போட்டு அடைச்சு வச்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் மனசில் கிரீஸ்தான் இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டது, வலித்த நேரம், வலியின் அளவு மூன்றையும் கட்டம் போட்டு நோட்டில் எழுதச் சொன்னார். மருந்துக்கடைக்காரி நீ என்ன சொல்கிறாய்?

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

டாக்டர் சொன்னது சரிதான். பரீட்சை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குமே, அம்மா கேலி செய்வாளே, அதே சங்கதிதான். மனசு பயந்தால் குடல் முறுக்கும். குடல் கெட்டால் மனசும் சோர்ந்துபோகும். நான்காவதாக ஒரு கட்டம் போடு: அன்றைக்கு யாரிடம் பேசினாய் என்று. ஒரு மாதம் எழுதி எனக்கு அனுப்பு. அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான்.

உன் வாலு

ஏப்ரல் 20

அண்ணா,

நோட்டு வந்தது. மூன்று தடவை படித்தேன். எதைத் தின்றாலும் வலி ஞாயிறு காலையில்தான். எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்கிறாய். ஏழு மணிக்கே வலி தொடங்கிவிடுகிறது. வெறும் ரொட்டி தின்ற ஞாயிறும் அப்படித்தான். உன் நோயே நான்தானா? இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று வாராவாரம் கேட்கிறேனே, அதுதானா?

தங்கை

ஏப்ரல் 28

வாலு,

அதுதான். போனில் சொல்ல வாய் வரவில்லை. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னது பொய். முந்தின நாள் முழுக்க, "வாலு வந்துட்டாளா?" என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குப் பிரசவமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நீ வண்டியேறிவிட்டாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் தேறிவிட்டாள், அலையாதே என்று உன்னிடம் சொன்னேன். பிழைத்துவிடுவாள் என்றுதான் நம்பினேன். இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டேன். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் அந்தப் பொய்யைத்தான் திரும்பச் சொல்கிறேன்.

அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள வாலுவுக்கு,

ஐந்து ஞாயிறு நீ போனை எடுக்கவில்லை. வயிறு வலிக்கவே இல்லை. டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "குணமாயிட்டீங்க, நோட்டை நிறுத்திடலாம்" என்றார். நான் நிறுத்தவில்லை. ஞாயிறுகளில் நான்காவது கட்டம் காலியாகவே கிடந்தது. அந்த வலியே தேவலை என்றிருந்தது.

நேற்று எடுத்தாய். பேசவில்லை. வைக்கவும் இல்லை. குழந்தை, "யாரும்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "மாமா" என்றாய். அப்புறம்தான் வைத்தாய்.

கட்டத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். எழுதலாம்தானே?

அண்ணன்