ஆறு பை ரத்தம்

மார்ச் 4

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. போனில் என்றால் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது.

அச்சகத்தில் பிழை திருத்தும்போது எழுத்தெல்லாம் மங்குகிறது என்று கண் மருத்துவரிடம் போனேன். முப்பத்து நான்கு வயதில் இரண்டு கண்ணிலும் புரை. "வீட்ல வேற யாருக்காவது சின்ன வயசுலயே வந்துச்சா?" என்றார். அப்பாவுக்கு நாற்பதுக்குள் ஆபரேஷன் ஆனதைச் சொல்லி, உன் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி, நீ பை பையாய் ரத்தம் எடுத்ததையும் சொன்னேன். "இதுக்கா ரத்தம் எடுத்தாங்க?" என்று கேட்டார்.

இரும்பைப் பிடித்து வைக்கும் புரதமாம், ஃபெரிட்டின். எனக்கு அது அளவுக்கு மீறி உண்டாகிறது, இரும்பு கூடவில்லை. அந்தப் புரதமே கண்ணின் லென்ஸில் படிந்து புரையாகிறது. பரம்பரைக் கோளாறு. மரபணுச் சோதனையிலும் உறுதியாகிவிட்டது.

நீயோ இரும்பு ஏறிவிட்டதென்று ஆறு பை ரத்தம் எடுத்தாய். குடித்தாலும் இது ஏறும் என்று சொல்லி, "திருட்டுத்தனமா குடிக்கிறியா?" என்று நர்ஸ் முன்னால் கேட்டாய். அதனால் வந்த ரத்தசோகையில் நான் அச்சகப் படிக்கட்டில் உருண்டு விழுந்தபோதும் "நடிக்காதே" என்றாய்.

தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

இருநூறைத் தாண்டக் கூடாத ஃபெரிட்டின் ஆயிரத்து நானூறு இருந்தால் எந்த டாக்டரும் இரும்பைத்தான் சந்தேகிப்பார். பதினைந்து வருடமாக வைத்தியம் பார்க்கிறவனுக்குக் கண் டாக்டர் வந்து பாடம் எடுக்க வேண்டாம். எதையும் ஊதிப் பெரிதாக்குவது உன் பிறவிக் குணம்.

இங்கே எல்லோரும் சுகம். மகள்தான் படிப்பில் சோம்பல். பலகையில் எழுதிப் போடுவதில் பாதியை விட்டுவிட்டு வருகிறாள். இரண்டு முறை அடித்தும் திருந்தவில்லை.

அண்ணன்


மார்ச் 15

அண்ணனுக்கு,

என்னைத் திட்டியதை விடு. கடைசி நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன வருடம் நான் வந்திருந்தபோது, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன் என்று பிள்ளை அடம்பிடித்தாள். "திமிரு" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வெளிச்சம் கூசியிருக்கும் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறதென்று நீயே கார் ஓட்டுவதை நிறுத்தவில்லையா? "வயசாச்சு" என்றாய். நாற்பத்தொன்று ஒரு வயசா?

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது உனக்கும் வந்திருக்கலாம். உனக்கு இருந்தால் அவளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பேரும் ரத்தம் கொடுங்கள். பை வேண்டாம், ஒரு சின்னக் குழாய் போதும்.

அதுவரை அவள்மேல் கை வைக்காதே.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கு ஃபெரிட்டின் ஆயிரத்து இருநூறு. அவளுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது. இரும்பு இருவருக்கும் சரியாக இருக்கிறது. அவள் கண்ணில் ரவை தூவியதுபோல் புரை. வரும் பதினாறாம் தேதி ஆபரேஷன்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன்பா" என்றாள்.

அன்று உன் ரத்தத்தில் இரும்பின் அளவையும் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. மன்னிப்பை நேரில்தான் கேட்க வேண்டும். அவள் அத்தை வேண்டும் என்கிறாள். வா.

உன் அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

வருகிறேன், அவளுக்காக. உன்னைப் பற்றி அவளிடம் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நான் கொடுக்கும் நிலையில் இல்லை. அடி வாங்கியது அவள், அவளிடம் கேள்.

கட்டுப் பிரிக்கும்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளையே சொல்லட்டும். உன்னைச் சொன்னால் நான் வெளியே இருக்கிறேன். என்னைச் சொன்னால் நீ வெளியே இரு. இரண்டு பேரும் வேண்டும் என்றால் நிற்பேன், சிரிப்பேன். அவள் தூங்கியதும் கிளம்பிவிடுவேன். வாசல்வரை வராதே.

தங்கை