என் கைக்கு ஏற்ற சுருதி

குவைத்

அன்புள்ள அப்பாவுக்கு, கலையரசியின் தோத்திரம். முட்டிவலி குறைந்ததா? திண்டிவனத்தில் மழை உண்டா?

சலவை மிஷினில் சிக்கிய இடக்கை விரல்கள் இரண்டும் ஆறிவிட்டன. மடங்கத்தான் மாட்டேன் என்கின்றன. "கிட்டாரை யாருக்காவது குடுத்துடும்மா" என்றீர்கள். கொடுக்கவில்லை. எதையும் அழுத்தாமல் மீட்டினாலே சுரங்கள் சேர்ந்து ஒரு கார்டாக ஒலிக்கும்படி கம்பிகளின் சுருதியை மாற்றிவிட்டேன். ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்து நகர்த்தினால் மற்ற கார்டுகளும் வருகின்றன.

இங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுத் தலைவர், விழுப்புரத்துக்காரர், "இன்னாம்மா, சுருதிய தப்பா வச்சிக்கினு வந்துக்கிறே?" என்றார்.

"தப்பு இல்லண்ணே, என் கைக்கு இதான் சரி. பாடுங்க" என்றேன். பாடினார்கள்.

இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் ருசியே இல்லை; நம்மூர் வறுத்த மல்லாட்டை கொஞ்சம் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இனி வீடியோவில் என் கையைப் பார்த்து அழாதீர்கள். நான் வாசிப்பதைக் கேளுங்கள்.

உங்கள் மகள்,
கலையரசி