அடியில் கிடந்த சேலை

நேற்று டவுணில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்துச் சந்தில் ஓட்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிசின் நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருடம் ஆகியும் அது ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

தொண்ணூறுகளில் நாம் இருவரும் அப்படியொரு பட்டறையில்தான் தொட்டி செய்துகொண்டிருந்தோம். ஏதோ பத்திரிகையில் காட்டாற்றில் ஒருவன் கயாக் ஓட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, மிஞ்சிய ஃபைபரில் நீயே ஒன்று செய்தாய். ஓர் ஆள் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்து துடுப்புப் போடும் மஞ்சள் படகு. பட்டறையில் எல்லோரும் அதையும் தொட்டி என்றே கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை டெம்போவில் ஏற்றி, பாபநாசத்துக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் ஆறு சரிந்து இறங்கும் இடத்துக்குக் கொண்டுபோவோம்.

உன்னைப் போய் அஜாக்கிரதைக்காரன் என்கிறார்கள்! படகை இறக்குமுன் கரையோடு ஒரு மணி நேரம் நடப்பவன் நீ. எங்கே சுழி, எங்கே பாறைக்கடியில் தண்ணீர் நுழைகிறது, எங்கே மரம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பாய். பிறகு மேலேயிருந்து தேங்காய் மட்டையை வீசுவாய். அது தப்பி வருகிறதா என்று நான் கீழே நின்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"போதும்லே, இன்னும் எத்தனை மட்டை எறிவே?" என்பேன்.

"மட்டை வராத இடத்துல மனுசன் எப்படிலே வருவான்? பைய பாரு. பாறைகூட தள்ளி விட்ரும், மரம் புடிச்சு வச்சுக்கிடும்."

அன்றும் மூன்று மட்டை எறிந்தாய். மூன்றும் ஆற்றுக்குள் இறங்கியிருந்த மருதமரத்து வேரைத் தாண்டி மிதந்து வந்தன. வரலாம் என்று நான்தான் கை காட்டினேன். மேலே மிதப்பதற்கு அடியில் கிடப்பது எப்படித் தெரியும்? பாவம் தொலையட்டும் என்று படித்துறையில் குளித்தவர்கள் கட்டிய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்களே, அதை நாம் யோசிக்கவே இல்லை. என் அம்மாவும் விட்டவள்தான். சுழியைத் தேடினோம், மரத்தைத் தேடினோம், துணியைத் தேடத் தோன்றவில்லை.

அந்த வேரருகில் படகு கவிழ்ந்தது. நீ வெளியே வந்துவிட்டாய், உன் தலையைப் பார்த்தேன். அப்புறம் காணவில்லை. முங்கிப் பிடித்து இழுத்தேன், நீ வரவில்லை. ஆட்கள் ஓடிவந்து, வேரில் சிக்கியிருந்ததை அரிவாளால் அறுத்துக் கரையேற்றியபோது உன் காலில் பச்சைச் சேலை முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதை அவிழ்த்த பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? சுருட்டித் திரும்ப ஆற்றிலேயே எறிந்தார்! எறிந்துவிட்டு, "திமிரு புடிச்ச பய, ஆத்துகூடயா வெளையாடுவான்?" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

பதினாறாம் நாள் படித்துறையில் காரியம் முடிந்ததும், உன் அக்காள் புருஷன் உன் நீலச் சட்டையை ஆற்றில் விடக் கை ஓங்கினார். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"ஏலே, என்னலே செய்யுத? சாங்கியம்லே இது!"

"இந்தச் சாங்கியந்தான் அத்தான் அவன் காலைச் சுத்துச்சு! இன்னும் ஒருத்தன் சாகணுமா?"

"பித்துப் புடிச்சுப் பேசுதான், கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். உன் அம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சட்டை அவன்கிட்டயே இருக்கட்டும், விடுங்க" என்றாள்.

வருடந்தோறும் ஆடி அமாவாசைக்கு மறுநாள் துறட்டியோடு போய் வேர்களில் சிக்கிய துணிகளை இழுத்துப் போடுகிறேன். அடுத்த வாரமே மறுபடி சேர்ந்துவிடுகிறது. உன்னைப் பற்றி எவனாவது வாய் திறந்தால் சண்டைக்கு நிற்கிறேன். அன்று கை காட்டியது நான் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறேன்.

உன் நீலச் சட்டை என் பீரோவில் இருக்கிறது. நான் போனால் என்னோடு சேர்த்து எரித்துவிடும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஆற்றில் மட்டும் விடக் கூடாது.