இரண்டாவது சாவுச் செய்தி

தோங்யோங்,
பிப்ரவரி 11

தம்பி தேகுனுக்கு அக்கா இன்சுக் எழுதுவது. நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

போன வாரம் ஒருவழியாக என் அழைப்பை எடுத்தாய். அப்பா போய்விட்டார் என்றேன். "நீ நிஜமாவே எங்க அக்காதானா? இதுவும் அந்த மோசடிதானே?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கையால் எழுதுகிறேன். என் கோணல் எழுத்தை எந்தத் திருடனாலும் எழுத முடியாது.

உன் மேற்பார்வையாளரின் அம்மா இறந்ததாக வந்த செய்தியை நீ திறந்ததைக் குற்றம் சொல்லவில்லை. சாவுச் செய்தியைத் திறக்காதவன் மறுநாள் யார் முகத்திலும் விழிக்க முடியாது. அது தெரிந்துதானே அந்தப் பாவிகள் அதற்குள் வைரஸை வைக்கிறார்கள். உடனே உன் போன், "என் தந்தை காலமானார், அஞ்சலிக்கூடம் இங்கே" என்று அதில் பெயர் இருந்த எல்லோருக்கும் அனுப்ப ஆரம்பித்தது. திறந்தவர்களின் போனும் அதே வேலையைச் செய்தது.

போன் கொதித்ததாம், சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லையாம். பேட்டரி பழசு என்று நினைத்து, பவர் பேங்கைச் செருகி நாள் முழுக்க கிடங்கில் சுற்றியிருக்கிறாய். மதியமே அணைய விட்டிருந்தால் நாற்பது பேரோடு நின்றிருக்கும் என்று பழுது பார்த்தவர் சொன்னாராமே. நீ ஊட்டி வளர்த்தாய், முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனது. முட்டாளே, சூடாகிற போனை யாராவது மறுபடி மறுபடி சார்ஜில் போடுவார்களா?

அப்பா சிரித்தார். துக்கம் கேட்டு அழைத்தவர்களிடமெல்லாம், "செத்தவன்தான் பேசறேன், சொல்லுப்பா" என்றார்.

பதினோரு நாள் கழித்து, படகுக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். ஒருவரும் திறக்கவில்லை. வைரஸ் போக உன் போனில் இருந்ததையெல்லாம் அழித்ததில் பெயர்களும் போய், என் எண்ணும் உனக்கு யாரோ ஒருத்தியின் எண்ணாகிவிட்டது. இருபத்தேழு முறை அழைத்தேன். கூடப் பிறந்தவள் எண்கூடவா மனப்பாடம் இல்லை?

மூன்று நாள் அஞ்சலிக்கூடத்தில் ஒன்பது பேர். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கென்று வைத்த காரமான மாட்டிறைச்சி சூப் அண்டா அண்டாவாக ஆறிப்போனது. மகன் கையில் கட்ட வேண்டிய துக்கப் பட்டையை நான் கட்டிக்கொண்டேன். சவப்பெட்டியைத் தூக்க உன் நண்பர்கள் வந்திருக்க வேண்டும். சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து என்னோடு வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் வந்து தூக்கினார்கள். எதிரே வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது. அந்தப் பொய்ச் செய்தி பரவிய மறுநாள், "அப்பா நலம். அவர் இறந்ததாக இனி எது வந்தாலும் நம்பாதீர்கள், திறக்காதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் அனுப்பியவள் நான்தான். உனக்கும் அனுப்பினேன். எல்லோரும் அப்படியே செய்தார்கள். வாழ்க்கையில் நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இன்னொரு முறை கேள். மார்ச் பதினாறு, அப்பாவின் ஆன்மா விடைபெறும் நாற்பத்தொன்பதாம் நாள். மலைக்கோயிலில் பூசை, காலை பத்து மணிக்கு. தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வா. நீ வராமல் என்னால் தனியாக அப்பாவை அனுப்பி வைக்க முடியாது.

உன் அக்கா,
இன்சுக்