கிஷோரின் லேபிள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

காக்ஸ் டவுன் கடையில் என் உலர் மாம்பழப் பாக்கெட்டுகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டார்கள். பூனைத் தீனிக்குப் பக்கத்தில். கண் மட்டத்தில், பன்னிரண்டு வருஷமாக நான் இருந்த இடத்தில், இப்போது கிஷோரின் பாக்கெட். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

“அது நல்லா மூவ் ஆகுது யூஜின் சார், தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார் கடைக்காரர்.

கிஷோர் என் சகலை. என் மனைவி மௌரீனின் தங்கை ரோஸ்லினின் கணவன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் என் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தான். இறக்குமதி லைசென்ஸ் எப்படி வாங்குவது, தாய்லாந்தில் யாரிடம் பழம் எடுப்பது – எல்லாம் கேட்டான். எல்லாம் சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மாமனார் வீட்டில் சாப்பாடு. “ஏர்போர்ட் கடையில நம்ம கிஷோர் ஐட்டம் பாத்தேன்பா. ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன்” என்றார் மாமா. நம்ம கிஷோர்! பன்னிரண்டு வருஷத்தில் என் பாக்கெட்டை ஒரு தடவையாவது ஃபோட்டோ எடுத்திருப்பாரா?

“எல்லாம் அண்ணா சொல்லிக்குடுத்தது மாமா” என்றான் அவன். பணிவாகத்தான் சொன்னான். அந்தப் பணிவைத்தான் தாங்க முடியவில்லை. திமிர் பிடித்தவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மௌரீன் அவனுடைய பாக்கெட்டைப் பிரித்தாள். “சும்மா ருசி பாக்கறேன்.” காலியாகும்வரை ருசி பார்த்தாள்.

மார்ச் 13, வியாழன்

கிஷோரிடமிருந்து வாட்ஸ்அப். புது லேபிளின் பின்பக்கம். “அண்ணா, சனிக்கிழமை பாங்காக்ல ப்ரிண்டுக்குப் போகுது. ஒன் டைம் பாத்துடுங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது.”

பெரிதாக்கிப் பார்த்தேன். லைசென்ஸ் எண், முகவரி, பச்சைப் புள்ளி, தேதி, எல்லாம் சரி. சேர்மானப் பட்டியலில் 220 என்ற எண் இருக்கிறது. பழம் கறுக்காமல் இருக்கப் போடும் கந்தகச் சரக்கு. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதைப் போட்டால் ‘சல்பைட் உள்ளது’ என்று தனி வரியில் எச்சரிக்கை இருக்க வேண்டும்.

அந்த வரி இல்லை.

முகவரி விட்டுப்போயிருந்தால் துறைமுகத்திலேயே ஸ்டிக்கர் ஒட்ட விடுவார்கள். இதற்கு விடமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு வரிக்காகத்தான் என் சரக்கு முழுவதையும் சென்னையில் நிராகரித்தார்கள். வெட்கத்தில் காரணத்தை மௌரீனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்?

கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். உடனே கும்பிடும் கைகளோடு நன்றி வந்தது.

மார்ச் 14, வெள்ளி

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஃபோனை நான்கு தடவை எடுத்தேன். நான்கு தடவையும் கீழே வைத்தேன்.

மார்ச் 15, சனி

ப்ரிண்டுக்குப் போய்விட்டது. படட்டும். எனக்கு விழுந்த அடி அவனுக்கும் ஒரு தடவை விழட்டும். எப்படியும் துறைமுகத்தில் பிடித்துவிடுவார்கள், எந்தப் பிள்ளை வாயிலும் போகாது – இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொய், பூசைக்குப் போகாதது, எல்லாப் பாவத்தையும் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

கிஷோரின் கன்டெய்னர் கப்பல் ஏறிவிட்டதாம். ரோஸ்லின் ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு அவனோடு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். மௌரீன் சொல்லித்தான் தெரியும். பதினாறு வருஷ வேலை. ஏன் விட்டாள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மே 8, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பு, இல்லையென்றால் அழி.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது. அரை மணி நேரம்.

மே 9, வெள்ளி

இரண்டு பேரும் வந்தார்கள். ரோஸ்லின் அழுது முடித்துவிட்டு வந்த முகம். கிஷோர் ஷேவ் செய்யவில்லை.

“ஒரே ஒரு லைன் அண்ணா. சல்பைட்னு ஒரு லைன். நான் நாப்பது தடவ பாத்தேன், தெரியல. உங்களுக்கே தப்பிப் போச்சுன்னா எனக்கு எங்க தெரியப் போகுது?”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிறான்!

“ஆமாம்பா, கவனிக்கல” என்றேன்.

காப்பித் தட்டோடு வந்த மௌரீன் அப்படியே நின்றாள். “எந்த லைன்?” என்று கேட்டாள். கிஷோர் திரும்பச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். காப்பியைக் கொடுத்தாள், ரோஸ்லின் தலையைத் தடவினாள், கீழே கேட் வரை போய் வழியனுப்பினாள்.

மேலே வந்து கதவைச் சாத்தினாள். “அந்த லைனை நீங்க மறப்பீங்களா யூஜின்? என் பேரைக்கூட மறப்பீங்க, அதை மறப்பீங்களா?”

நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கூடப் பேசாதீங்க.”

மே 11, ஞாயிறு

தொம்மலூரில் கிஷோர் வீட்டுக்குப் போனேன். பூசைக்குப் போகாமல் நேரே போனேன். ரோஸ்லின் இல்லை. நல்லவேளை. கிஷோர் தரையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தான். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம்.

ரொம்ப நேரம் அவன் காகிதங்களையே அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஏன்ணா?”

“காக்ஸ் டவுன் கடையில உன் பாக்கெட்டைப் பாத்தா வயிறு எரியுதுடா.” இதைவிட நாகரிகமாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

“கேட்டிருந்தா அந்தக் கடையையே விட்டுக்குடுத்திருப்பேனே” என்றான். கத்தியிருக்கலாம். அடித்திருக்கலாம். இதைச் சொன்னான். பிறகு, “ரோஸ்லின் வர்றதுக்குள்ள கிளம்புங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றான்.

மே 12, திங்கள்

மௌரீன் பேசினாள். “உப்பு போதுமா?” என்று கேட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

மாமனார் வீட்டுக்கு அவர்கள் இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் போகிறார்கள். நாங்கள் ஞாயிறு. மாமா ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரியும் போல.

செப்டம்பர் 17, புதன்

ஆபீஸ் ஃபோனுக்குக் கிஷோர் கூப்பிட்டான். நான்கு மாதம் கழித்து. புதுச் சரக்கு வருகிறதாம். மாம்பழத்தோடு அன்னாசியும். இரண்டு கன்டெய்னர். இரண்டு என்றதும் உள்ளே சுருக்கென்றது. இன்னும் போகவில்லை அந்தச் சனியன்.

“லேபிள் அனுப்பறேன். இதைப் பாக்க உங்களவிட வேற ஆள் எனக்குத் தெரியல.” பிறகு, “ஆனா இந்தத் தடவ எழுத்துல குடுங்க.”

“சரி” என்றேன்.

காலை பத்து மணிக்கு லேபிள் வந்ததும் உட்கார்ந்தேன். மூன்று தவறுகள் இருந்தன. ஒன்று பெரிய தவறு, கப்பலோடு திரும்பிப் போகிற தவறு. ஒவ்வொன்றையும் விதி எண்ணோடு எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் என் பெயர், தேதி, கையெழுத்து.

மதியம் பதில் வந்தது. ‘கிடைத்தது.’