கழித்து எழுதிய வயது

பிரிஞ்சாங்,
12.11.1984

அன்புள்ள தம்பி மாடசாமிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதலாம். ஆனால் அப்பாவுக்கு இருமல் விடவில்லை, எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. மூன்று வாரமாக ஓயாத மழை. கம்போங் ராஜா சாலையில் மண் சரிந்து காய்கறி லோரிகள் இரண்டு நாள் நின்றுபோயின. முட்டைக்கோஸ் அழுகிய வாடை வகுப்பறை வரைக்கும் வந்தது.

நீ கூடைப்பந்து ஆடும்போது எடுத்து அனுப்பிய பத்திரிகைப் படம் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்து, கூடைக்குக் கீழே கையைத் தூக்கி நிற்பது என் மகன் என்று விரல் வைத்துக் காட்டுகிறார். பார்வை மங்கிவிட்டதால் பாதி நேரம் அந்த விரல் ஒரு வெள்ளைக்காரன்மேல் இருக்கிறது. நான் திருத்துவதில்லை.

உன்னோடு படித்த காளியண்ணன் இப்போது கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கீரை வாங்கப் போனேன். "என்னா டீச்சர், ஆஸ்திரேலியாவுல நம்ம ஆள சாமின்னு கூப்புடுறாங்களாமே? இங்க இருந்த வரைக்கும் நெட்டக்கொக்கு, பிளேன் ஏறுனதும் சாமியா? குடுத்து வச்சவன் லா!" என்று கடைத்தெருவே கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உன் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். உன் குழு இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடத் தயார். ஆனால் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், முப்பத்தொரு வயதுக்காரன் கால் மாதிரி இல்லையே என்கிறார். அதனால் மாத முடிவுக்குள் நான் தலைமையாசிரியை என்ற முறையில் உன் பிறந்த தேதியை உறுதிசெய்து, பள்ளி முத்திரை குத்தி, இரண்டு வரி அனுப்ப வேண்டும். இதுதானே நீ கேட்டது? டாக்டரைக் கேலி செய்து எழுதியிருக்கிறாய். இந்த ஆண்டு மட்டும் மூன்று முறை முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்ததையும் அதே கேலியோடு போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய்.

அப்பாவிடம் சொன்னேன். பாதி சொல்வதற்குள் கட்டைவிரலை நீட்டி, மை எங்கே என்றார். என்ன எழுதப்போகிறாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

தம்பி, டாக்டர் சொன்னது சரி. உனக்கு வயது முப்பத்துமூன்று.

எப்படிச் சுற்றி எழுதினாலும் இங்கேதான் வந்து நிற்க வேண்டும் என்பதால் நேராக எழுதிவிட்டேன். தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி அடித்த வாரத்தில் நீ பிறந்தாய். அது 1951 அக்டோபர். மருத்துவச்சிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான்; எனக்கு அப்போது பதினைந்து வயது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலக் கெடுபிடியில் அப்பா உன் பிறப்பைப் பதியவே இல்லை.

அம்மா இறந்தபோது நான் சிங்கப்பூரில் பட்டப்படிப்பின் முதலாண்டில் இருந்தேன். பையனைப் பார்க்க ஆளில்லை, வந்துவிடு என்று அப்பா தோட்டத்து ஆபீஸ் கிராணியைக் கொண்டு எழுதவைத்துக் கடிதம் போட்டார். நான் வரவில்லை. பள்ளியில் இருக்க வேண்டிய இரண்டு வருடம் நீ ஆயாக் கொட்டகையில் அடுத்தவர் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டினாய். நான் பட்டத்தோடு திரும்பியபோது உனக்கு எட்டு வயது முடிந்திருந்தது.

தோட்டத்துப் பள்ளியில் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். நான்தான் டவுன் ஆங்கிலப் பள்ளி என்று பிடிவாதமாக நின்றேன். அங்கே முதல் வகுப்புக்கு எட்டு வயதுப் பையனை எடுக்க மாட்டார்கள். தாமதப் பதிவுப் படிவத்தில் 1953 என்று எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார். யார் கேட்டாலும் ஆறு வயது என்று சொல் என்றேன். நீயும் சொன்னாய். வீட்டில் உண்மையான வயதை எடுத்துச் சொல்ல அம்மா இல்லை. கொஞ்ச நாளில் உனக்கு அதுவே உண்மையாகிவிட்டது.

பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் போட்டி நினைவிருக்கிறதா? இங்கே சீனர் சங்கத் திடலில் மற்றப் பையன்களைவிட ஒரு தலை உயரமாக நின்றாய். பந்து உன் கைக்கு வந்த பிறகு யாருக்கும் எட்டவில்லை. மாநிலப் பயிற்றுநர் என்னிடமே வந்து, இந்த வயதில் இப்படி ஒரு பிள்ளையா என்று வியந்தார். நன்றி என்றேன். உனக்கு அப்போது பதினாறு. அதற்குப் பிறகு நீ ஓடியதும் விழுந்ததும், பெர்த் வரை போனதும் உன் உழைப்பு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் நாள் நான் உனக்குத் திருடிக் கொடுத்தது.

புதன்கிழமை நீ கேட்ட இரண்டு வரியைத் தட்டச்சு செய்தேன். முத்திரையைக் கையிலும் எடுத்தேன். அந்தக் காலோடு இன்னும் மூன்று வருடம் குதித்தால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு வரவில்லை. வந்தால் உனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. விளையாட்டு ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அது உன்னிடம் இல்லை. என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

குழுவினருக்கு நான் எதுவும் எழுதவில்லை. அவர்களிடம் என்ன சொல்வது என்பது உன் முடிவு. என்மேல் கோபம் வரும், வரட்டும். அதற்காக அப்பாவுக்குக் கடிதம் போடாமல் இருந்துவிடாதே. நான் கோயிலுக்கு அதிகம் போகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை போய்வந்தேன். நீ எங்கே இருந்தாலும் உன் காலில் நீ நடக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முத்திரை குத்தி அனுப்பு என்று இன்னொரு முறை எழுதாதே, தம்பி. எழுதினால் அனுப்பிவிடுவேன்.

அக்கா,
சீதா