தொப்பி கழற்றும் சனிக்கிழமை

பெண்கள் லய வீடுகள்,
தஞ்சோங் கிளிங் மேல்தோட்டம்.
ஆடி 12, வியாழன் (28.7.1994)

என் பிரியமுள்ள அத்தானுக்கு மலர்க்கொடி எழுதுவது.

நாங்கள் நலம், நீங்கள் நலமா என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. முதலில் ஒன்று கேட்கிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். கடைசி வரி வரை படிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நம் தேவமலர் மேல் சத்தியம் செய்துகொள்ளுங்கள். மகள் பேரைச் சொன்னால்தான் நீங்கள் அடங்குவீர்கள்.

மாமா போய்விட்டார். திங்கட்கிழமை மத்தியானம், நோயாளிக் கொட்டகையில். மருமகள்களுக்கு ஒரு மணி நேரம் அனுமதி உண்டல்லவா, அந்த நேரத்தில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். இரண்டு வாய் கஞ்சி குடித்தார். மூன்றாவது வாய் இறங்கவில்லை. வலியில் துடிக்கவில்லை, அதை மட்டும் நம்புங்கள்.

சாயங்காலமே புதைத்துவிட்டார்கள். சங்கு கூடாது, விளக்கு கூடாது, பெட்டிகூடக் கூடாது. வெள்ளைத் துணியில் சுற்றி மேட்டுக்காட்டில் வைத்தார்கள். வானரசின் சீன அதிகாரிகள் அவர்கள் வேதப் பாட்டைப் பாடினார்கள். நாங்கள் வாய்க்குள்ளேயே அழுதோம். ஒரே மகன் நீங்கள் பத்து மைலுக்கு அப்பால் உம்பாயில் கடல் சுவருக்குக் கல் உடைத்துக்கொண்டிருக்க, தம்புசாமி என்ற அந்தப் பெரிய மனிதர் பிள்ளை இல்லாதவரைப் போலப் போனார். 

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புருஷன் பெண்சாதியைப் பார்க்க விடும் சந்திப்பு வரை இதை மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தங்கையா அண்ணனின் லாரி வாரம் இரண்டு முறை உம்பாய் வருகிறது. அவர் வாயைக் கட்டிக்கொண்டாலும் கூட வரும் சுமைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் அடுத்த நிமிடம் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கல் உடைக்கும் இடத்தில் கூர்மையானதற்கா பஞ்சம்!

அத்தான், மொட்டை போடாதீர்கள். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

பிள்ளை தலை மழிக்காமல் அப்பன் கரை சேர மாட்டான் என்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் நாளை மறுநாள் சனிக்கிழமை. தொழுகை மைதானத்தில் ஆண்களை வரிசையாக நிற்க வைத்துத் தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள். சீனாவில் அவர்கள் கலகம் செய்து விரட்டிய பழைய ராஜாவின் ஆட்கள் நெற்றிக்கு மேலே மழித்திருந்தார்களாம். அதனால் மழித்த தலை என்றால் அவர்களுக்கு ராஜதுரோகம். நமக்கு அது அப்பா போய்விட்டார் என்று அர்த்தம். இதை அவர்களிடம் யார் சொல்வது? சொன்னவர்தான் சின்னத்தம்பி அண்ணன். அம்மா செத்ததற்குப் போட்டேன் ஐயா என்று மைதானத்திலேயே அழுதார். மறுவாரம் அவர் பெண்சாதிக்குத் தொப்பியும் செருப்பும் வந்தன. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. மூன்று வருடமாக அந்தச் செருப்பை அவள் வாசலில்தான் வைத்திருக்கிறாள்.

கடைசி வாரம் மாமாவுக்குக் காய்ச்சலில் பேச்சு நிற்கவே இல்லை. பழைய கதைதான். துரைமார் ரப்பர் வெட்ட நம் ஆட்களைக் கொண்டுவந்தது, தமக்குப் பதினேழு வயதில் வானரசுக் கப்பல்கள் மலாக்காவில் வந்து நின்றது, துரைமார் ராவோடு ராவாக ஓடியது எல்லாம். பிறகு ஒரு புதுக் கற்பனை. "நூறு நூத்தியம்பது வருஷத்துக்கு முன்னாடி சீனாவுல நான்கிங் ஊர்ல கலகம் பண்ணுன இந்த நீட்டுமுடிக்காரனுங்க தோத்துப் போயிருந்தா என்னா ஆயிருக்கும் மலரு?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். வெள்ளைக்காரன் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அவனும் போயிருப்பானாம். புருஷன் பெண்சாதி ஒரே வீட்டில் இருந்திருப்பார்களாம். தோட்டத்து மாரியம்மன் ஆற்றில் கிடக்காமல் கோயிலில் இருந்திருப்பாளாம். தீமிதி நடக்குமாம், நீங்கள் மலாக்கா டவுனில் லாரி ஓட்டுவீர்களாம். சீனக் கடைக்காரரும் நாமும் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டு இருப்போமாம். சிரித்தேன். அப்படி ஒரு உலகம் இருந்தால் அங்கே இருக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்தார். "குகன் எனக்கு மொட்ட போடுவானா?" என்றார்.  போடுவார் மாமா என்றேன். "ஆமாலா, என் மவன் போடுவான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். சாகிறவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்கைக் காப்பாற்றினால் நீங்கள் இல்லை. காப்பாற்றாவிட்டால் அவர் அங்கே அலைவார். திங்கட்கிழமை ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபிக்காமல் மேலே படியுங்கள்.

செவ்வாய் மத்தியானம் ரப்பர்ப் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, மருத்துவச்சி மீனம்மாக்காவை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். தோட்டத்தில் பிளேடு வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான், தொப்புள்கொடி அறுப்பதற்காக. என் தலையை மழித்துவிடச் சொன்னேன். என்னை அடிக்கவே வந்துவிட்டார். "பொம்பள மொட்ட போடுறது சாமிக்குடி, சாவுக்கா? புருஷன் இருக்கிறவ செய்யிற காரியமா? நீயே எமனைக் கூப்பிடாத" என்று திட்டினார். பிறகு திட்டிக்கொண்டேதான் செய்தார். அவசரத்தில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம். முடியை இலையில் கட்டி, மேட்டுக்காட்டில் மாமாவின் தலைமாட்டில் புதைத்தேன். பால் ஏது, தேங்காய்த் தண்ணீர்தான் ஊற்றினேன். மாமா, குகன் போட்ட மொட்டை இது, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பொய்தான். ஆனால் புருஷன் பெண்சாதி ஓருடல் என்று கல்யாணத்தில் சொல்கிறார்களே, அது பொய்யா?

பெண்கள் தலையை யாரும் பார்ப்பதில்லை, ரப்பர் மரம் சீவப் போகிறவளுக்கு முக்காடு எப்போதும் உண்டு என்றுதான் தைரியமாக இருந்தேன். நேற்றுக் காலைப் பெயர் கூப்பிடும்போது காற்றில் முக்காடு நழுவிவிட்டது. எங்கள் கண்காணி லின் அக்கா பார்த்துவிட்டார்.  அவர் அருகில் வந்து, முக்காட்டை இழுத்து இறுக்கிக் கட்டினார். இந்தப் பெண்ணுக்குத் தலையில் புண், ஒட்டிக்கொள்ளும், கிட்டே போகாதீர்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். லின் அக்காவின் அண்ணனையும் ஒரு சனிக்கிழமைதான் கூட்டிப்போனார்கள் என்று மீனம்மாக்கா பிறகு சொன்னார். ஆனால் புண் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அது ஒன்றும் ஆகாது. நீங்கள் அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

தேவமலர் நன்றாகச் சாப்பிடுகிறாள். ராத்திரி என் தலையைத் தடவிப் பார்த்து, அம்மா பலாப்பழம் மாதிரி குத்துது என்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளை எத்தனை நாள் வாயை மூடும் என்று தெரியவில்லை. எனக்கு ஏதாவது சிறு தொந்தரவு வந்தால் அவளை மீனம்மாக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பேச்சுக்குத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் ஒன்பது செவ்வாய், பதினாறாம் நாள். அன்று விடியும்போது கடலில் முங்கி மூன்று கை தண்ணீர் விடுங்கள். எள் தேட வேண்டாம். யாராவது கேட்டால் உடம்புச் சூடு என்று சொல்லுங்கள். என்னுடையதைவிடத் தடிமனான அந்தக் கொண்டையை, நான் எத்தனையோ நாள் கேலி செய்த கொண்டையை, நன்றாக எண்ணெய் போட்டு முடிந்துகொண்டு சனிக்கிழமை வரிசையில் நில்லுங்கள். தொப்பியைக் கழற்றச் சொன்னால் முதல் ஆளாகக் கழற்றுங்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். பதில் எழுத வேண்டாம். தங்கையா அண்ணனிடம் ஒரு கருவாடு கொடுத்தனுப்புங்கள். அது வந்தால் உங்கள் தலையில் முடி இருக்கிறது என்று நான் புரிந்துகொள்வேன். சனிக்கிழமை சாயங்காலம் லாரி சத்தத்துக்காக வாசலில் நிற்பேன்.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் அத்தான். நான் போட்ட இந்த மொட்டை மாமாவுக்காகப் போட்டது. உங்களுக்காகப் போட்டதாக ஆக்கிவிடாதீர்கள்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்று ஆற்றில் கிடக்கும் ஆத்தாளை வேண்டிக்கொண்டு,
உங்கள் மலர்க்கொடி